பைதன் மொழியின் பெயர்ச்சி: வழக்கொழிப்பு வரலாற்றில் ஓர் ஆய்வு

மக்கள் வழங்கும் மொழியிலே சொற்கள் வழக்கொழிவதற்கு எவரும் நாட்குறிப்பதில்லை. ஒரு தலைமுறையினர் நாடோறும் வழங்கிய சொல்லை அடுத்த தலைமுறையினர் அருகியே வழங்குவர். அதற்கும் அடுத்த தலைமுறையினர் அகராதியிலே தேடுவர். காலத்தின் இயல்பினாலே சில வழக்குகள் வீழ்தலும் வேறு சில எழுதலும் குற்றமாகா என்பது நன்னூலார் கருத்து. இலக்கண நூலார் நிகழ்ந்ததனைக் கண்டு விதி வகுத்தாரேயன்றி, இன்ன நாள் முதலாக இன்ன சொல் ஒழிக என ஆணையிட்டாரல்லர்.

கணினியின்பொருட்டு ஆக்கப்பட்ட மொழிகளின் நிலை வேறு. அவற்றுக்கு ஆசிரியர் உளர், பதிப்புக்கள் உள, பதிப்புத்தோறும் விதிகளை மாற்றும் உரிமை பூண்ட குழுவினரும் உளர். அவர்கள் ஒரு வழக்கினை நீக்கத் துணிவராயின் அதற்கு நாளும் குறிக்கலாம். ஆயின், நாட்குறித்த அளவிலே பழைய வழக்கு ஒழிந்துவிடுமோ என்பது ஆராய்தற்குரியது. பைதன் என்னும் கணினிமொழி தன் இரண்டாம் பதிப்பு வரிசையினின்றும் மூன்றாம் வரிசைக்குப் பெயர்ந்த வரலாறு இவ்வினாவுக்குத் தெளிந்த விடையைத் தருகின்றது. 2008 ஆம் ஆண்டிலே தொடங்கிய அப்பெயர்ச்சி 2020 ஆம் ஆண்டிலேதான் முறைப்படி நிறைவெய்தியது. அது நீண்டமைக்குக் காரணம் யாது, ஈற்றில் நிறைவெய்தியமைக்குக் காரணம் யாது என்னும் இரண்டனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கொழிப்பு என்னும் முறை

ஒரு செய்நிரல் மற்றொரு செய்நிரலின் உதவியைப் பெறும் வாயில் இடைமுகம் எனப்படும். அவ்வாயிலின் பெயர் யாது, அதனிடத்திற் கொடுக்கவேண்டியவை யாவை, அதனிடமிருந்து பெறப்படுவன யாவை என்பன வரையறுக்கப்பட்டிருக்கும். பலருக்கும் பொதுவாக வேண்டப்படும் பகுதிகளை முன்னரே அமைத்து, அவற்றின்மேல் மற்றையோர் தத்தம் செய்நிரலைக் கட்டிக்கொள்ளுமாறு உதவுவது சட்டகம். சட்டகத்தின் உட்புறத்தை அதன் ஆசிரியர் விரும்பியவாறு திருத்தலாம். அதனாற் பிறர்க்கு இடரில்லை. வாயிலை இடம்பெயர்ப்பின், அதன் வழியாக வந்துபோகும் அனைவரும் தம் வழியை மாற்றவேண்டியவராவர். ஆசிரியருக்கு ஒருநாள் வேலையாக இருப்பது, அவரை அறியாத பல்லாயிரவர்க்கு ஓராண்டு வேலையாக முடிதலும் உண்டு.

இவ்விடரைத் தணித்தற்கு எழுந்த முறையே வழக்கொழிப்பு. பழைய வாயிலை உடனே அடைத்துவிடாது, இது நீக்கப்படும், இனி மற்றதனைக் கொள்க என்று முன்னரே அறிவித்து, சிலகாலம் இரண்டனையும் திறந்து வைத்தல் அதன் இலக்கணம். இதனை ஆங்கிலத்தில் 'டெப்ரிகேஷன்' என்பர். வந்துறக்கூடிய தீங்கு நேராதிருக்குமாறு வேண்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அது. கட்டளையினும் வேண்டுகோளே அச்சொல்லின் வேர்ப்பொருள் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இம்முறையைத் தெளிவான குறியீட்டோடு வழங்கிய மொழிகளுள் ஜாவா குறிப்பிடத்தக்கது. 1997 இல் வெளிவந்த அதன் 1.1 ஆம் பதிப்பிலேயே வழக்கொழிப்பைக் காட்டும் குறி இருந்தது. நாள், ஆண்டு ஆகியவற்றைக் கையாளும் பழைய வாயில்கள் சில அப்பதிப்பிலேயே அக்குறியைப் பெற்றன. எனினும் அவை அதன்பின் பல பதிப்புக்கள் கடந்தும் அகற்றப்படவில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் இழையொன்றை இடைநடுவில் நிறுத்தும் வாயில் ஆபத்தானது என 1998 இல் விலக்கப்பட்டது. 2023 இல் வெளியான 20 ஆம் பதிப்பிலேதான் அது முற்றாகச் செயலிழக்கச் செய்யப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு வேண்டுகோள் வேண்டுகோளாகவே நின்றது. இத்துணைப் பொறுமைக்கு நேரெதிரான துணிவைப் பைதன் மொழியாளர் மேற்கொண்டனர்.

பழைய பைதனின் குறைபாடுகள்

பைதன் மொழியை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரொஸ்ஸும். அம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித, கணினி ஆராய்ச்சி நிலையத்திலே பணிபுரிந்த காலத்தில், 1989 டிசெம்பரிலே அவர் இவ்வேலையைத் தொடங்கினார். முதல் வெளியீடு 1991 பெப்ரவரியிலே நிகழ்ந்தது. இரண்டாம் பதிப்பு 2000 ஒக்டோபரிலே வந்தது. கற்றற்கு எளிமையும் வாசித்தற்கு இனிமையும் உடைமையால் மொழி விரைந்து பரவியது. பரவுந்தோறும் அதன் தொடக்ககாலக் குறைபாடுகளும் உடன் பரவின.

அவற்றுட் சில சிறியன. ஏழை இரண்டால் வகுக்குமாறு கேட்டால் பழைய பைதன் மூன்று என விடை கூறும். மூன்றரை என்று கூறாது. முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் விடையும் முழுவெண்ணே என்பது அதன் விதி. கணித அறிவோடு வருபவர்க்கு இது வழுவாகத் தோன்றியது; கணக்குக்களிலே தெரியாமற் பிழை புகுதற்கும் இடந்தந்தது. திரையில் எழுதுதற்குரிய 'பிரிண்ட்' என்னும் ஏவல், ஏனைய செயற்கூறுகளைப் போலாது தனக்கெனத் தனி இலக்கணம் பெற்றிருந்தது. இவை போல்வனவற்றை நீக்குதல் பெருந்துன்பம் அன்று.

பெரிய குறைபாடு எழுத்தைப் பற்றியது. கணினியின் நினைவகத்திலே கிடப்பன எண்களே. அவ்வெண்களின் சிற்றலகு பைற்று எனப்படும். ஒரு பைற்று 256 வேறுபாடுகளையே காட்டவல்லது. ஆங்கில நெடுங்கணக்குக்கு அது போதும். ஆதலின் ஆங்கிலம் மட்டும் எழுதுவார்க்கு ஓர் எழுத்தும் ஒரு பைற்றும் ஒன்றே. பழைய பைதனும் அவ்விரண்டனையும் ஒன்றாகவே கொண்டது. 1991 இலே தோன்றிய யுனிகோட் குறியீட்டு முறை, தமிழ் உட்பட உலக எழுத்துக்களுக்கு ஒரு பொதுவரிசை வகுத்தபின், பைதனின் இரண்டாம் பதிப்பு அதற்கெனத் தனியாக மற்றுமொரு சரவகையைச் சேர்த்துக்கொண்டது. அதன் விளைவாக ஒரே மொழியில் எழுத்துக்குப் பைற்றுச்சரம், யுனிகோட்சரம் என இருவகைகள் நிலவின. இரண்டனையும் கலந்தெழுதினும் மொழி தடுக்கவில்லை. தானே ஒன்றனை மற்றொன்றாக்க முயன்றது. உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துக்களாயின் அம்முயற்சி வாய்க்கும். அல்லவாயின் செய்நிரல் இடையிலே முறிந்துவிடும்.

இதன் தன்மையைத் தமிழ்ச் சொல்லொன்றால் எளிதில் விளக்கலாம். 'அம்மா' என்பது இலக்கணப்படி மூன்றெழுத்துச் சொல். யுனிகோட் வரிசையிலே அகரம், மகரம், புள்ளி, மகரம், ஆகாரக் கால் என ஐந்து குறிகளால் அது எழுதப்படும். பரவலாக வழங்கும் யூ.டி.எப். 8 என்னும் முறையிலே தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். ஆகவே சேமிக்கப்படும்போது அச்சொல் 15 பைற்றுக்களாகும். பழைய பைதனிலே இயல்பாக எழுதப்பட்ட சரத்தின் நீளத்தைக் கேட்டால் 15 என்றே விடை வரும். முதல் நான்கு பைற்றுக்களை வெட்டி எடுத்தால், அகரமும் ஒரு குறியின் உடைந்த துண்டும் கிடைக்கும். அத்துண்டு எம்மொழி எழுத்தும் அன்று. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதித்தபோது செவ்வையாக இயங்கிய செய்நிரல், தமிழ்ப் பெயரோ சீனப் பெயரோ பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்தோ உள்ளே வந்த நாளிலே வீழ்ந்தது. ஆக்கியோர் காணாத குறையைப் பயன்படுத்துவோர் கண்டனர்.

ஆதலின், பைதன் மொழியாளர் செய்யத் துணிந்த மாற்றத்தை வீண் புதுமை விருப்பம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எழுதுவார்க்கு அது உரிமை பற்றிய செய்தியாகவும் இருந்தது.

துணிவும் திட்டமும்

மொழியினுள்ளே சிறிது சிறிதாக மாற்றம் புகுத்தும் வழி பைதனில் முன்னரே இருந்தது. 2001 இல் வெளிவந்த 2.1 ஆம் பதிப்பிலே, 'எதிர்காலம்' என்னும் பொருளுடைய பெயர்கொண்ட ஓர் ஏற்பாடு அமைக்கப்பட்டது. வருங்காலத்து விதியை இப்பொழுதே விரும்பி ஏற்பவர் தம் செய்நிரலின் தலைப்பில் அதனை அறிவித்துக்கொள்ளலாம். ஏனையோர் பழைய விதியிலேயே நிற்கலாம். அதே ஆண்டின் டிசெம்பரில் வந்த 2.2 ஆம் பதிப்பு முதலாக, வகுத்தலின் புதிய விதியும் இவ்வழியாற் கிடைத்தது. ஆயின் எழுத்துக்கும் பைற்றுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு கோப்புக்கோப்பாகப் புகுத்துதல் அரிது. ஒரு கோப்பிற் பிறந்த சரம் வேறு பல கோப்புக்களிலே உலாவுவது. ஆதலின் ஒரே முறையில் அனைத்தையும் திருத்துதல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

2006 இல் 3000 என்னும் இலக்கமிட்ட முன்மொழிவு எழுதப்பட்டது. மூன்றாம் பைதன் இரண்டாம் பைதனோடு பொருந்தவேண்டியதில்லை என்பதனை அது வெளிப்படையாகவே கூறிற்று. அதன்படி 2008 ஒக்டோபரில் 2.6 ஆம் பதிப்பும், 2008 டிசெம்பர் 3 ஆந் தேதி 3.0 ஆம் பதிப்பும் வெளியாயின. புதிய பதிப்பிலே சரம் என்றாலே யுனிகோட் எழுத்துச்சரம்; பைற்றுக்களுக்கு வேறு வகை. இரண்டனையும் கலக்க முயன்றால் எம்மொழியாயினும் உடனே பிழை காட்டப்படும். 'அம்மா' என்பதன் நீளம் இப்பொழுது 5 ஆயிற்று. இலக்கணத்தின் மூன்றை அடைதற்கு இன்னும் தனியாக ஒரு தொகுதி வேண்டும். எனினும் எழுத்து உடைபடும் இடர் நீங்கியது. மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிடவும் இயன்றது.

பெயர்ச்சிக்கும் ஒரு திட்டம் இருந்தது. செய்நிரலாளர் தம் மூலத்தை முதலில் 2.6 ஆம் பதிப்புக்கு ஏற்றுதல் வேண்டும். அப்பதிப்பு, மூன்றாம் பைதனில் ஒவ்வாதனவற்றை எச்சரிக்கையாகக் காட்டும். அவற்றைத் திருத்தியபின், 'இரண்டிலிருந்து மூன்றுக்கு' என்று பெயரிட்ட கருவியை இயக்கினால், அது மூலத்தை வாசித்துப் புதிய மொழியிலே பெயர்த்துத் தரும். மூலம் பழைய மொழியிலேயே இருக்கும். புதிய மொழிப் படி வேண்டும்போதெல்லாம் பிறப்பிக்கப்படும். 2010 யூலை மாதம் வெளியான 2.7 ஆம் பதிப்பே பழைய வரிசையின் இறுதி என்றும், அதற்கு 2015 வரையிலேயே திருத்தங்கள் கிடைக்கும் என்றும் கணக்கிடப்பட்டது. 2.8 என ஒரு பதிப்பு வாராது என்பதனை 2011 இல் ஒரு தனி முன்மொழிவே எழுதி உறுதிப்படுத்தினர்.

தேக்கத்தின் காரணங்கள்

திட்டம் கருதியவாறு நடைபெறவில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, பெயர்ப்புக் கருவியின் எல்லை. அக்கருவி சொல்லமைப்பைக் கண்டு மாற்றவல்லது. பழைய 'பிரிண்ட்' ஏவலைப் புதிய வடிவத்தில் எழுதும். பெயர் மாறிய வாயில்களுக்குப் புதுப்பெயர் இடும். ஆயின் ஒரு குறிப்பிட்ட சரம் மக்கள் வாசிக்கும் எழுத்தோ, வலையமைப்பிலே செல்லும் பைற்றுத்தொடரோ என்பது மூலத்திலே எழுதப்படவில்லை. பைதனிலே மாறிகளுக்கு வகை குறிக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லாமையால், அஃது எழுதியவர் உள்ளத்திலேயே இருந்தது. சிலவிடத்து அங்கும் இல்லை. மிக இன்றியமையாத மாற்றம் எதுவோ, அதுவே கருவிக்கு எட்டாததாயிற்று.

இரண்டாவது, சார்புச் சங்கிலி. எந்தச் செய்நிரலும் தனித்து நிற்பதில்லை. பத்தோ நூறோ பிற தொகுதிகளின்மேல் நிற்கின்றது. அவற்றுள் ஒன்று பெயராதிருப்பினும் அதன்மேல் நிற்பது பெயர முடியாது. தொகுதியாளரோ, தம்மைப் பயன்படுத்துவோர் பழைய பைதனிலேயே இருத்தலின் புதியதற்கு உழைப்பதனாற் பயனில்லை எனக் கருதினர். பயன்படுத்துவோர் தொகுதிகளை எதிர்பார்த்தனர். தொகுதியாளர் பயன்படுத்துவோரை எதிர்பார்த்தனர். 3.0 ஆம் பதிப்பின் உள்ளீட்டு வெளியீட்டுப் பகுதி மெதுவாக இயங்கியமையும் முதலில் வந்தோரை ஊக்கவில்லை. 2009 யூன் மாதத்து 3.1 ஆம் பதிப்பே அதனைச் சீர்செய்தது.

மூன்றாவது, இரு மொழிகளுக்கும் பொதுவான நிலம் மிகவும் குறுகியிருந்தமை. பழைய பைதனில் யுனிகோட்சரத்துக்கு முன் 'யு' என்னும் எழுத்தை இட்டு வேறுபடுத்துவர். மூன்றாம் பைதனில் எல்லாச் சரமும் யுனிகோட்டே ஆதலின் அம்முன்னெழுத்து வேண்டாததென நீக்கப்பட்டது. தருக்கத்தின்படி அந்நீக்கம் சரியே. ஆயின், எழுத்தையும் பைற்றையும் பழைய பைதனிலேயே கவனமாக வேறுபடுத்தி எழுதியவர்களின் செய்நிரல்கள்தாம் புதிய பைதனின் வாயிலிலே முதலிற் பிழையென நிறுத்தப்பட்டன. ஒழுங்காக எழுதியவர்க்குத் தண்டனை, ஒழுங்கின்றி எழுதியவர்க்கு இடம் என்னும் விந்தை விளைந்தது.

பாலம் அமைந்த வரலாறு

இத்தேக்கத்தை உடைத்த வழி, ஆக்கியோர் வகுத்த திட்டத்தினின்றும் தோன்றவில்லை. பயன்படுத்துவோர் பட்டறிவினின்றும் தோன்றியது. மூலத்தை ஒரு மொழியில் எழுதி மற்றொன்றிற் பெயர்ப்பதற்குப் பதிலாக, இரு பதிப்புக்களிலும் மாற்றமின்றி இயங்கும் ஒரே மூலத்தை எழுதுதல் என்பதே அவ்வழி. 2010 இல் பெஞ்சமின் பீற்றர்சன் 'சிக்ஸ்' என்னும் சிறு தொகுதியை வெளியிட்டார். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதே அப்பெயரின் பொருள். பதிப்புக்கேற்ப வேறுபடும் வாயில்களுக்கெல்லாம் அது ஒரு பொதுவாயில் அமைத்துத் தந்தது.

பொதுநிலத்தை மேலும் அகலமாக்கியது 2012 இலே நிகழ்ந்த ஒரு பின்வாங்கல். 'பிளாஸ்க்' என்னும் வலைச்சட்டகத்தை ஆக்கியவரான ஆர்மின் ரொனாகர், நீக்கப்பட்ட 'யு' முன்னெழுத்தை மீண்டும் ஏற்குமாறு ஒரு முன்மொழிவு எழுதினார். மொழிக்கு அதனாற் புதிய ஆற்றல் எதுவும் இல்லை. அம்முன்னெழுத்து மூன்றாம் பைதனிலே பொருளற்றதாகவே நிற்கும். எனினும் பெயர்வோர்க்கு அது பெருந்துணை. அம்முன்மொழிவு ஏற்கப்பட்டு 2012 செப்டெம்பரிலே வெளியான 3.3 ஆம் பதிப்பிலே இடம்பெற்றது. தூய்மையை வேண்டிக் கழித்ததனைத் தோழமை வேண்டி மீண்டும் சேர்த்தனர். இதுபோலவே, பைற்றுத்தொடர்களை வார்ப்புருவில் இட்டு நிரப்பும் பழைய வசதியும் 2015 இல் 3.5 ஆம் பதிப்பில் மீண்டது.

இப்பாலத்தின் பயனைச் சட்டகமொன்றின் வரலாற்றாற் காணலாம். அமெரிக்க நாட்டின் கன்சாஸ் மாநிலத்திலே லோறன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் வலைத்தளத்துக்கென ஆக்கப்பட்டு, 2005 யூலையிலே உலகுக்கு வெளியிடப்பட்டது ஜாங்கோ. 2013 பெப்ரவரியில் வந்த அதன் 1.5 ஆம் பதிப்பு மூன்றாம் பைதனைச் சோதனையளவில் ஏற்றது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 1.6 ஆம் பதிப்பு முழுமையாக ஏற்றது. 'சிக்ஸ்' தொகுதியின் படியைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு ஒரே மூலத்தால் இரு பைதன்களிலும் அது இயங்கிற்று. 2017 ஏப்ரில் மாதத்து 1.11 ஆம் பதிப்பே பழைய பைதனை ஏற்ற இறுதிப் பதிப்பு. 2017 டிசெம்பரில் வந்த 2.0 மூன்றாம் பைதனை மட்டுமே ஏற்றது. அங்ஙனமாயினும் 1.11 க்கு 2020 ஏப்ரில் வரை திருத்தங்கள் கிடைக்கும் என உறுதி தரப்பட்டது.

ஜாங்கோ தன் சொந்த வாயில்களை நீக்கிய முறையும் கருதத்தக்கது. நீக்கப்படவிருக்கும் வாயிலை ஒருவர் பயன்படுத்தினால் எழும் எச்சரிக்கையின் பெயரிலேயே, எப்பதிப்பில் அது நீங்கும் என்பது எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, தரவுத்தளத்திலே ஒரு பதிவு மற்றொன்றைச் சார்ந்திருக்க, தலைப்பதிவு அழிக்கப்பட்டால் சார்ந்தது யாதாகும் என்னும் வினாவைக் கொள்ளலாம். பழைய ஜாங்கோ, ஆசிரியர் ஒன்றுங் கூறாவிடின் சார்ந்ததனையும் உடன் அழித்துவிடும். 2015 டிசெம்பரில் வந்த 1.9 ஆம் பதிப்பு, இதனை ஆசிரியரே வெளிப்படையாக எழுதவேண்டும் என எச்சரித்தது, 2.0 ஆம் பதிப்பு எழுதாவிடின் இயங்க மறுத்தது. இரண்டாண்டு இடைவெளி இருந்தது. நீங்கும் பதிப்பு முன்னரே தெரிந்திருந்தது. மாற்று வழியும் எச்சரிக்கையிலேயே கிடந்தது. ஒவ்வொரு பதிப்பாக ஏறிவந்தவர்க்கு இது சிறு பணி. பல பதிப்புக்களைத் தாண்டி ஒரேயடியாக ஏற முயன்றவர்க்கோ, எச்சரிக்கைகள் யாவும் ஒருங்கே பிழைகளாக வந்து நின்றன.

எச்சரிக்கை யார் செவிக்குச் செல்லவேண்டும் என்பதிலும் பைதன் மொழியாளர் ஒரு படிப்பினை பெற்றனர். வழக்கொழிப்பு எச்சரிக்கைகள் முன்பு எல்லார் திரையிலும் தோன்றின. செய்நிரலைத் திருத்தவியலாத பொதுமக்கள் அவற்றைக் கண்டு மருண்டனர். ஆதலால் 2.7, 3.2 ஆகிய பதிப்புக்களில் அவை இயல்பாக மறைக்கப்பட்டன. மறைக்கவே, திருத்தவேண்டிய செய்நிரலாளர் பலரும் அவற்றைக் காணாதொழிந்தனர். 2018 இல் வந்த 3.7 ஆம் பதிப்பிலே, ஒருவர் தாமே நேராக இயக்கும் செய்நிரலில் எழும் எச்சரிக்கைகள் மட்டும் மீண்டும் தோன்றுமாறு செய்யப்பட்டது.

காலக்கெடுவும் நிறைவும்

2014 ஏப்ரிலிலே கனடாவின் மொன்றியல் நகரத்திற் பைதன் மாநாடு கூடிய காலத்தில், பழைய வரிசையின் முடிவு 2015 இலிருந்து 2020 க்கு ஒத்திவைக்கப்பட்டது. இந்நீட்டிப்பைத் தோல்வியின் ஒப்புதல் என்பாரும் உளர். ஆயின் அதனோடு இணைந்து நிகழ்ந்த செயல்களை நோக்கினால் வேறு முடிபு தோன்றும். வலையமைப்புப் பாதுகாப்புக்கு வேண்டிய புதிய பகுதிகள் அதே ஆண்டில் 2.7 வரிசைக்கும் கொண்டுவரப்பட்டன; பழைய வீட்டிலே தங்கியோர் கள்வர்க்கு இரையாகாதவாறு காக்கப்பட்டனர். அவ்வாறு காத்துக்கொண்டே, இம்முறை கெடு மாறாது என்றும் கூறப்பட்டது. 2016 முதலாக அறிவியற் கணிப்புக்குரிய தொகுதியாளர் பலர், 2020 க்குப் பின்னர் தாமும் பழைய பைதனுக்கு உழைக்கமாட்டோம் என ஒன்றுகூடி உறுதி கூறினர். எண்கணிப்புக்குப் பெரிதும் வேண்டப்படும் 'நம்பை' தொகுதி 2019 யூலையில் வந்த 1.17 ஆம் பதிப்போடு பழைய பைதனைக் கைவிட்டது. நாட்குறித்தவர் ஒருவராயினும், அந்நாளை உண்மையாக்கியவர் பலர்.

பெருநிறுவனங்களின் பெயர்ச்சியும் அதே வழியில் நிகழ்ந்தது. ஜாங்கோவின்மேல் எழுந்த இன்ஸ்டகிராம், தன் பெயர்ச்சி வரலாற்றை 2017 ஆம் ஆண்டுப் பைதன் மாநாட்டிலே விரித்துரைத்தது. பெயர்ச்சிக்கெனத் தனிக் கிளையொன்று பிரிக்காது, நாடோறும் வளர்ந்துகொண்டிருந்த அதே மூலத்தையே இரு பைதன்களிலும் இயங்குமாறு திருத்தி, ஏறத்தாழப் பத்து மாதங்களில் அதனை முடித்தனர். வான் ரொஸ்ஸும் 2013 முதல் 2019 வரை பணிபுரிந்த டிரொப்பொக்ஸ் நிறுவனமும் தன் மேசைக்கணினிச் செய்நிரலின் பெயர்ச்சியை 2018 இல் முடித்தது. மொழியை ஆக்கியவர் இருந்த நிறுவனத்திலேயே மொழியின் புதிய பதிப்பு வெளிவந்து பத்தாண்டுகள் கழிந்தபின்னரே அது முற்றிற்று என்பது, பெயர்ச்சியின் கடுமைக்குத் தக்க சான்றாகும்.

2020 ஜனவரி 1 ஆந் தேதியோடு பழைய பைதனுக்குரிய காப்பு முடிந்தது. இறுதி வெளியீடான 2.7.18 அதே ஆண்டு ஏப்ரில் 20 ஆந் தேதி வந்தது. அதன் பின்னரும் பழைய மொழி உடனே மறைந்துவிடவில்லை. அப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் இயங்குதளத்திலிருந்து அதனை நீக்கியது 2022 மார்ச்சிலேயே. ரெட் ஹற் நிறுவனம் தன் வாடிக்கையாளர்க்கு 2024 யூன் வரை அதனைக் காத்துத் தந்தது.

ஒப்புநோக்கு

வேறொரு சட்டகத்தின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. கூகிள் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட ஆங்குலர் என்னும் வலைச்சட்டகம் பலரால் விரும்பி ஏற்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய மாநாடொன்றிலே அதன் இரண்டாம் பதிப்பு அறிவிக்கப்பட்டபோது, முதற்பதிப்பின் அடிப்படைக் கூறுகள் பல அதில் இரா எனவும் கூறப்பட்டது. பெயர்தற்குரிய வழி தெளிவாகக் காட்டப்படவில்லை. பயன்படுத்துவோரிடையே பெருங்கலக்கம் எழுந்தது. வேறு சட்டகங்களை நாடிச் சென்றோரும் உளர். 2016 செப்டெம்பரில் இரண்டாம் பதிப்பு வெளியானபோது, பழையதனையும் புதியதனையும் ஒரே செய்நிரலில் அருகருகே இயக்கும் இணைப்புத் தொகுதி சேர்க்கப்பட்டிருந்தது. பழைய ஆங்குலருக்குரிய காப்பு 2021 டிசெம்பர் வரை நீண்டது. இங்கும் கலக்கந் தணிந்தது, பழையதும் புதியதும் ஒருங்கு வாழ இடங்கிடைத்த பின்னரேயாம்.

ஜாவா நீக்காமையால் நிலைபெற்றது. ஆயின் பழஞ்சுமையைப் பலகாலம் சுமந்தது. ஆங்குலர் திடீரென நீக்கத் துணிந்து நம்பிக்கையின் ஒரு பகுதியை இழந்தது. பைதன் இரண்டுக்கும் இடைப்பட்டது. அது நீக்கியது, நீக்கியதிற் சிறிது திரும்பக் கொடுத்தது, காத்தது, பின்னரே கைவிட்டது.

முடிபு

இவ்வரலாற்றினாற் பெறப்படுவன இரண்டு. எழுத்தையும் பைற்றையும் வேறுபடுத்திய மாற்றம் வேண்டப்பட்டதே. உலக மொழிகள் பலவற்றையும் ஒருநிகராக நடத்துதற்கு அதனின் வேறான வழி இருக்கவில்லை. ஆயின் மாற்றத்தின் நேர்மை, பெயர்ச்சியின் முறைக்கு ஈடாகாது. நோக்கம் நன்று என்பதனால் வழியின்றி எவரும் நடக்கமாட்டார். 2008 இல் விதி பிறந்தது. 2012 இலேதான் பாலம் உறுதியாயிற்று. இடைப்பட்ட நான்காண்டுத் தேக்கத்துக்குப் பயன்படுத்துவோரின் சோம்பலைக் காரணங்கூறுதல் தகாது. இருகரையையும் இணைக்கும் வழி இல்லாதிருந்தமையே காரணம்.

இப்படிப்பினையைப் பைதன் மொழியாளர் மறந்தாரல்லர். வழக்கொழிப்பு அறிவித்த வாயில் குறைந்தது இரு பதிப்புக்களிலேனும் எச்சரிக்கையோடு நிலவுதல் வேண்டும் என்பது இப்பொழுது எழுதப்பட்ட விதியாக உள்ளது. 3.3 ஆம் பதிப்பிலே விலக்கப்பட்ட சில பழம்பெயர்கள், இரண்டாம் பைதனினின்றும் அண்மையிலே பெயர்ந்தோரை முன்னிட்டு 2020 இன் 3.9 ஆம் பதிப்பிலும் இன்னுமொருமுறை வைத்திருக்கப்பட்டு, 2021 இன் 3.10 இலேயே நீக்கப்பட்டன. 2024 இல் வந்த 3.13 ஆம் பதிப்பு, பல ஆண்டுகள் முன்னரே அறிவிக்கப்பட்ட 19 பழந்தொகுதிகளை அகற்றியது. 'இரண்டிலிருந்து மூன்றுக்கு' என்னும் பெயர்ப்புக் கருவியும், 3.11 ஆம் பதிப்பில் உரிய எச்சரிக்கை பெற்றபின், அதே 3.13 இல் நீங்கிற்று.

கணினிமொழிக்கு ஆசிரியர் உளராயினும், அதன் வழக்கு ஆசிரியரிடத்தில் மட்டும் இல்லை. அதனால் நாடோறும் தொழில் செய்வாரிடத்தும் உள்ளது. விதியை ஆக்கும் உரிமை முன்னவர்க்கு உண்டு; ஆக்கிய விதி வழக்காவது பின்னவர் நடப்பதனாலேயே. பழையதனைக் கழிக்க விரும்புவோர், கழிக்கும் நாளை அறிவிப்பதோடு அமையாது, அந்நாள்வரை பழையதனைக் காத்தலும் புதியதற்குச் செல்லும் வழியை அமைத்தலும் தம் கடன் எனக் கொள்ளவேண்டும். அக்கடன் ஆற்றப்பட்ட இடத்திலேதான் பைதனின் பெயர்ச்சி முன்னேறியது.